காணாத காடிக்கு எவ்வளவு கேட்கலாம்?

வாசகர் கேள்வி பதில்: வாகனம்

இணைய ஏலத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் காடி வாங்குவது பற்றி சுங்கை சிப்புட், சாலாக், ஜாலோங், லிந்தாங் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்று இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. காடி ஜொகூரில் நிற்கிறது. போட்டிருப்பது 14 படங்கள்தான். அசல் ஜிடிஐயா, சாதாரண சத்ரியாவை மாற்றியதா என்று இங்கிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பெரும்பாலும் முடியும். படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கிராண்டை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அசல் ஜிடிஐயில் இருப்பது 4ஜி93 வகை டுவின்கேம் எஞ்சின். அதன் அளவு 1,834 சிசி. சாதாரண சத்ரியாவில் வந்தவை சிறிய எஞ்சின்கள்: 1.3 என்றால் 1,299 சிசி, 1.5 என்றால் 1,468 சிசி, 1.6 என்றால் 1,597 சிசி. கிராண்டில் 1,597 என்று அச்சாகியிருந்து பொனட்டுக்குள் 1.8 எஞ்சின் உட்கார்ந்திருந்தால் அது ஜிடிஐ அல்ல. எஞ்சின் மாற்றத்தை ஜேபிஜேயில் (மலேசிய சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு செய்யவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கிராண்டில் 1,834 என்று இருந்தாலும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இதே 4ஜி93 எஞ்சின் வீரா 1.8, புத்ரா காடிகளிலும் வந்தது. 1.6 சத்ரியாவில் புத்ரா எஞ்சினைப் போட்டு, பரிசோதனை செய்து, முறையாகப் பதிவும் செய்திருக்கலாம். சட்டப்படி அதில் தவறில்லை, நல்ல காடியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு ஜிடிஐ விலை கொடுக்கக் கூடாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது சேசிஸ் எண். புரோட்டோன் சேசிஸ் எண் பிஎல்1 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளில் மாடல் குறியீடு இருக்கிறது. முழு எண்ணையும் எடுத்துக்கொண்டு புரோட்டோன் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போய், எந்த மாடலுக்கான எண் என்று கேளுங்கள்.

ரெக்காரோ நாற்காலி, பின்சக்கர டிஸ்க் பிரேக், அகலமான சக்கர வளைவு, பின்னால் ஒட்டிய எழுத்து ஆகிய எதையும் ஆதாரமாக எடுக்காதீர்கள். எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய காடி) விற்கும் கடைகள் இருக்கிற நாட்டில் ஒரு சனி, ஞாயிறு போதும்.

விற்பவர் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துப் படம் அனுப்பினால், முழு எண்ணைத் தனியாகக் கேளுங்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் மறைப்பது நியாயம். பணம் கட்டப் போகிறவருக்கும் தர மறுத்தால் அந்தக் காடியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்க வேலையில் லீவு கிடைக்காது. விற்பவரிடம் என்னென்ன படம், வீடியோ கேட்க வேண்டும்?
– வாசகர், ஜாலோங்

சாயம் பளபளக்கும் படங்களை அவரே போட்டிருப்பார். நீங்கள் கேட்க வேண்டியவை யாரும் எடுக்க விரும்பாத இடங்கள். கேட்கும் வரிசையிலும் ஒரு காரணம் உண்டு. எஞ்சின் கெட்டால் வேறு வாங்கிப் போடலாம், கியர்பாக்ஸும் அப்படித்தான். உடல் துருப்பிடித்தாலோ, விபத்தில் வளைந்திருந்தாலோ, இரண்டு காடிகளை வெட்டி ஒட்டியிருந்தாலோ பணம் போட்டும் மீட்க முடியாது. அதனால் உடலில் தொடங்குங்கள்.

கார்பெட்டைத் தூக்கி முன்பக்கத் தளம் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். பூட்டில் ஸ்பேர் டயரை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியையும், பொனட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேல்முனை பொருந்தும் இரண்டு மேடைகளையும் எடுக்க வேண்டும். அடுத்து கதவுக்குக் கீழே ஓடும் சட்டம். பின்சக்கர வளைவின் உள்விளிம்பை விரலால் தடவிக் காட்டச் சொல்லுங்கள், துரு உதிர்ந்தால் வீடியோவிலேயே தெரியும். பாடிகிட் போட்ட காடியில் கிட்டுக்கும் இரும்புக்கும் நடுவே சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே ஒன்றும் காட்டாது.

கம்பெனி வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டப் புள்ளிகளாக இருக்கும். பட்டறை வெல்டிங் புழு ஊர்ந்த மாதிரி தொடர்கோடாக இருக்கும், அல்லது மேலே கறுப்புத் தார் பூசி மறைத்திருப்பார்கள். தளத்தின் குறுக்கே இடமிருந்து வலம் முழுக்க அப்படி ஒரு கோடு தெரிந்தால் அது வெட்டி ஒட்டிய காடி. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மோதலில் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

கண்ணாடிகளின் மூலையில் கம்பெனிப் பெயரோடு ஆண்டைக் குறிக்கும் எண் அல்லது புள்ளி இருக்கும். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே ஆண்டு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கத்துக் கதவையும் தூணையும் கூர்ந்து பாருங்கள். டயரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கு டயரும் பத்து வருடம் பழையவை என்றால், டயருக்கே செலவு செய்யாதவர் எஞ்சினுக்கும் செய்திருக்க மாட்டார் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

எஞ்சினுக்கு ஒரே வீடியோ போதும், ஆனால் வெட்டாமல் தொடர்ச்சியாக எடுத்ததாக இருக்க வேண்டும். காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள். முதலில் ரேடியேட்டர் மூடியைக் கையால் திறந்து காட்ட வேண்டும், சூடாக இருந்தால் திறக்க முடியாது. உள்ளே தண்ணீர் துருநிறத்தில் இருக்கிறதா, மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சின் ஆயில் மூடியின் உட்பக்கம். அங்கே பால் கலந்த கோப்பி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றன, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்திய ‘ஆன்’ நிலைக்குத் திருப்பும்போது எஞ்சின் விளக்கு எரிந்தாக வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் புகைக்குழாயைக் காட்டச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடங்காத வெள்ளைப் புகை தண்ணீர் எரிவதைக் காட்டும். கறுப்பு, பெட்ரோல் அதிகம் போவதால் வருவது, மூன்றில் அதுதான் மலிவான கோளாறு. 4ஜி93 எஞ்சினில் குளிரில் ‘டிக் டிக்’ என்று லிஃப்டர் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) சத்தம் கேட்பது வழக்கம். சூடான பிறகும் கேட்டால் லிஃப்டர் செட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள். எஞ்சினை அணைக்காமல் ஏர்கோன் போட்டுப் பதினைந்து நிமிடம் நிற்கவைத்து, வெப்பநிலை முள்ளையும் ரேடியேட்டர் விசிறி சுழல்வதையும் காட்டினால் வீடியோ முழுமை.

சவாரி வீடியோவில் ஸ்டியரிங்கைவிட கியரைப் பாருங்கள். வேகமாக இரண்டாவது, மூன்றாவது கியருக்கு மாற்றும்போது ‘கிர்ர்’ என்று உரசினால் கியரைப் பொருத்தும் சின்குரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு வழி இருக்கிறது, அதுதான் சிறந்தது. காடி நிற்கும் ஊரிலேயே, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு போர்மெனுக்கு (பட்டறை மெக்கானிக்) கூலி கொடுத்து அனுப்புங்கள். சாயத்தின் தடிமன் பார்க்கும் கருவியும் கம்ப்ரஷன் மீட்டரும் அவரிடம் இருக்க வேண்டும். கம்பெனிச் சாயம் பொதுவாக 80 முதல் 150 மைக்ரோன் வரை காட்டும். மறுபடி அடித்திருந்தால் 200, 300. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே ஒடுக்கை நிரப்பிய புட்டிப் பசை இருக்கிறது. கம்ப்ரஷனில் நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 10, 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. நான்கும் சமமாகக் கொஞ்சம் குறைந்தால் வயதான எஞ்சின். ஒன்று மட்டும் இறங்கினால் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது.

கேள்வி: தோட்டப்புறத்தில் ஒரே உரிமையாளரிடம் இருந்த காடி என்று ஒரு விளம்பரம். நம் பக்கத்துக் காடிதானே, பயமில்லாமல் வாங்கலாமா?
– வாசகர், லிந்தாங்

ஒரே உரிமையாளர் என்பது நல்ல அடையாளம். ஆனால் தோட்டத்துக் காடிக்கு என்றே சில நோய்கள் உண்டு. நகரத்துப் பட்டறைக்காரர் அதைத் தேடிப் பார்க்க மாட்டார்.

முதல் கேள்வி, பூட்டில் உரமூட்டை ஏற்றினார்களா என்பது. செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடும் அம்மோனியம் சல்பேட்டும் உப்புதான். மூட்டையில் சிந்திய தூள் கார்பெட்டுக்கு அடியில் தங்கி, நம் ஊர் ஈரக்காற்றில் கரைந்து, இரும்பைக் கீழ்நோக்கித் தின்னும். கார்பெட்டின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ ஸ்பேர் டயர் குழியின் விளிம்பு பொருக்குத் தட்டியிருந்தாலோ ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள்.

இரண்டாவது எலி. செம்பனைத் தோட்டத்தில் எலியை அடக்க ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள் என்றால் அதன் தொல்லை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பல மாதம் ஓடாமல் நின்ற காடியில் எஞ்சினுக்குப் பின்னால் ஓடும் ஒயர் கட்டைக் கடித்திருக்கும், ஏர்கோன் பில்டரில் கூடு கட்டியிருக்கும். விளக்கு, ஹோர்ன், ஜன்னல், வைப்பர் ஆகிய ஒவ்வொன்றையும் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு டேப் புதிதாகச் சுற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்றாவது, பால்மரத்தடியில் நிறுத்திய காடி. இலைச்சருகு முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வடிகாலை அடைத்துவிடும். தண்ணீர் வடிய வழியில்லாமல் டேஷ்போர்டுக்குப் பின்சுவர் துருப்பிடித்து, மழைக்காலத்தில் கால் வைக்கும் இடம் ஈரமாகும்.

செம்மண் ஒட்டியிருந்தால் மட்டும் வெள்ளத்தில் முழுகியது என்று முடிவு கட்டாதீர்கள். தோட்டத்து மண்சாலையில் ஓடினால் அடிப்பாகம் சிவப்பாகத்தான் இருக்கும். வெள்ளக் காடி வேறு மாதிரி. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரத்தில் ஏராளமான காடிகள் முழுகின, அதற்கு முன் 2014இல் கிழக்குக் கரையில். சீட்பெல்ட்டை முழுக்க, கடைசிவரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறையோ கோடோ இருந்தால் தண்ணீர் நாற்காலிக்கு மேலே வந்திருக்கிறது. நாற்காலியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் துரு, பியூஸ் பெட்டிக்குள் பச்சைப் பூப்பு, ஹெட்லைட்டுக்குள் மண் படலம் ஆகியவை துணைச் சாட்சிகள். கழுவிச் சுத்தம் செய்யும்போது இந்த இடங்களை யாரும் தொடுவதில்லை.

கேள்வி: வங்கி பறிமுதல் செய்த காடிகளின் ஏலம் மலிவு என்கிறார்கள். அதில் என்ன சிக்கல்?
– வாசகர், சாலாக்

அந்தக் காடியின் கதையைச் சொல்ல ஆளில்லை என்பதே சிக்கல். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு மாதத் தவணை கட்டாதவருக்கு 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காடியை எடுக்கிறார்கள். தவணை கட்ட முடியாதவர் சர்விஸ் மட்டும் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. எடுத்த பிறகு வெயிலிலும் மழையிலும் பல மாதம் நிற்கும். ஸ்போர்ட்ஸ் காடி என்றால் நல்ல ரிம், நாற்காலி, டர்போ எல்லாம் அதற்கு முன்பே கழற்றப்பட்டிருக்கவும் கூடும்.

விற்பனை நிபந்தனை ‘இருக்கிறபடி, இருக்கிற இடத்தில்’ என்பதாகவே இருக்கும். பிறகு குறை சொல்ல முடியாது. நிபந்தனைத் தாளில் நான்கை மட்டும் தேடிப் படியுங்கள்: முன்பணம் எவ்வளவு, மீதியைக் கட்டக் கெடு எத்தனை நாள், கெடு தவறினால் முன்பணம் போய்விடுமா, நிலுவையில் இருக்கும் சம்மனும் சாலை வரியும் யார் பொறுப்பு. காடி நிற்கும் கிடங்கைப் பார்க்க அனுமதி நாள் கொடுத்தால் கட்டாயம் யாரையாவது அனுப்புங்கள். ஓட்டிப் பார்க்க விடாவிட்டாலும், குனிந்து அடியைப் பார்க்கலாம்.

கேள்வி: ஜப்பான் ஏலத்தில் நேரடியாக 1990களின் ஸ்போர்ட்ஸ் காடியை வாங்கிக் கொண்டு வர முடியுமா? ரிகோன் காடிக்குக் காட்டும் ஏலத் தாளை எப்படிப் படிப்பது?
– இரு வாசகர்கள், சுங்கை சிப்புட்

அவ்வளவு பழைய காடியை வழக்கமான வழியில் கொண்டு வர முடியாது. ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதி தேவை. வியாபாரிகள் அந்த அனுமதியில் கொண்டு வரும் பயன்படுத்திய காடிகள் ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இருப்பவை. அதன் மேல் எக்சைஸ் வரி மட்டும் 60 முதல் 105 விழுக்காடு. ஆகவே 90களின் காடி வேண்டும் என்றால் ஏற்கெனவே இங்கே பதிவான ஒன்றைத்தான் தேட வேண்டும்.

ரிகோன் என்பது பயன்படுத்திய நிலையில் இறக்குமதியாகும் காடி. அதன் ஏலத் தாளில் மேல் மூலையில் மதிப்பெண் இருக்கும். 4.5, 5 என்றால் மிக நல்ல நிலை. 4 நல்லது. 3.5 என்றால் கீறலும் சாய வேலையும் உண்டு. எண்ணுக்குப் பதில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த காடி. பக்கத்தில் ஏ, பி, சி என்று இருப்பது உட்புறத்துக்கான மதிப்பு. தாளில் இருக்கும் காடியின் வரைபடத்தில் ஏ என்றால் கீறல், யு ஒடுக்கு, டபிள்யு பட்டறை வேலை செய்த இடம், எஸ் துரு, சி அரிப்பு. இந்த எழுத்துக்குப் பக்கத்தில் வரும் எண் பெரிதானால் குறையும் பெரிது. எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. எஸ்ஸும் சியும் அடிப்பாகத்தில் நிறைய இருந்தால் பனிப் பிரதேசத்தில் சாலை உப்பில் ஓடிய காடியாக இருக்கலாம். உடல் சுத்தம் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

வியாபாரி காட்டும் தாளையே நம்பாதீர்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கட்டணத்துக்கு அந்தத் தாளின் நகலை எடுத்துத் தரும் சேவைகள் உண்டு. இரண்டிலும் மதிப்பெண்ணும் கிலோமீட்டரும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: அதிகபட்சம் எவ்வளவு வரை ஏலம் கேட்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?
– வாசகர், ஜாலோங்

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். கணக்குக்காக, அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள காடியை நேரில் பார்த்து வாங்கினால் 25,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏலக் கட்டணம், லோரிக் கூலி, பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி ஆகியவற்றுக்கு 2,500 கழியுங்கள். படத்திலும் வீடியோவிலும் தெரிந்த குறைகளுக்கு, போர்மெனிடம் விலை கேட்டு, 3,000 என்று வந்தால் அதையும் கழியுங்கள். மீதி 19,500. இப்போது பலரும் விட்டுவிடும் ஒரு வரி: பார்க்காத குறைகளுக்கான தொகை. வேறு ஆள் பார்த்துச் சொன்ன காடி என்றால் 10 விழுக்காடு, படத்தை மட்டும் நம்பினால் 20 விழுக்காடு. 20 விழுக்காடு என்றால் 3,900 போகும். உங்கள் எல்லை 15,600 வெள்ளி.

இந்த எண்ணை ஏலம் தொடங்குவதற்கு முன்னாலேயே தாளில் எழுதி வையுங்கள். பல தளங்களில் கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் நேரம் நீளும். கடைசி நொடியில் அமுக்கிப் பிடிக்கலாம் என்ற யோசனை அங்கே பலிக்காது, இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போவதுதான் நடக்கும். பெரும்பாலும் இவ்வளவு பழைய காடிக்கு வங்கிக் கடன் கிடைக்காது, முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும். தீபாவளி போனஸை நம்பி ஏலம் கேட்காதீர்கள்.

கேள்வி: ஏலம் கிடைத்துவிட்டது. பெயர் மாற்றம் வரை என்ன வரிசையில் செய்வது?
– வாசகர், சுங்கை சிப்புட்

முழுப் பணமும் கொடுப்பதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். விற்பவரின் மைகார்ட் (அடையாள அட்டை) பெயரும் கிராண்டில் உள்ள பெயரும் ஒன்றா? கிராண்டில் வங்கி உரிமைக் கோரிக்கை இருந்தால் அதை விடுவித்த கடிதம் இருக்கிறதா? ஜேபிஜே, போலீஸ் இரண்டிலும் கறுப்புப் பட்டியலோ சம்மனோ இல்லையா? ஜேபிஜே விவரத்தைத் தன் கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்ட விற்பவருக்கு ஒரு நிமிடம் போதும்.

பிறகு புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) செய்யும் பி5 பரிசோதனை. பெயர் மாற்றத்துக்கானது இதுதான். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் பார்த்துத் திருத்தப்பட்டிருந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் பி5 தேறினால்தான் மீதிப் பணம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். மறைத்த எஞ்சின் மாற்றமும், அளவுக்கு மீறிய கறுப்புக் கண்ணாடியும் இங்கேதான் மாட்டும். பி5 ஆனதும் உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்து, ஜேபிஜேயில் இருவரும் கைரேகை வைத்தால் முடிந்தது. விற்பவர் வரமுடியாது, கையெழுத்துப் போட்ட தாளை மட்டும் அனுப்புகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

காப்புறுதியில் இரண்டு குறிப்பு. பழைய ஸ்போர்ட்ஸ் காடிக்குச் சந்தை விலை என்று எடுத்தால் திருட்டுப் போகும்போது நீங்கள் கொடுத்த விலை கிடைக்காது, ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதித் தரும் நிறுவனத்தைத் தேடுங்கள். வெள்ளப் பாதுகாப்பு தானாக வராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: காடி வந்து சேர்ந்தது. நேராக ஓட்டலாமா?
– அதே வாசகர்

முதலில் ஏற்றி வருவதைச் சொல்லிவிடுகிறோம். தட்டையான மேடை உள்ள லோரியில் நான்கு சக்கரமும் மேலே ஏற வேண்டும். தாழ்த்திய காடி என்று முன்கூட்டியே சொன்னால் பலகை கொண்டு வருவார்கள், இல்லையென்றால் ஏற்றும்போதே முன் பம்பர் உடையும். ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் நான்கு பக்கமும் படம் எடுங்கள்.

வந்ததும் ஓட்டாதீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று கொள்ளுங்கள். 4ஜி93 டுவின்கேமில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட்டோடு டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம், கிராங்க் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள், பிரித்துச் சேர்க்கும் கூலி ஒன்றுதான். எஞ்சின் ஆயில் ஏறக்குறைய 4 லிட்டர், கூலண்ட் 6 லிட்டர், பிரேக் ஆயில் டிஓடி 4 ஒரு லிட்டர். கியர் ஆயில் வாங்கும்போது ஜிஎல்-4 என்று கேட்டு வாங்குங்கள். ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளைச் சின்குரோவைத் தின்னக்கூடும். கியர் உரசுகிறது என்று பாக்ஸைப் பிரிப்பதற்கு முன்னால் இந்த ஆயிலை மாற்றி 500 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள்.

முதல் வாரம் ஈப்போ வரை நெடுஞ்சாலையில் விரட்ட வேண்டாம். ஊருக்குள்ளேயே ஓட்டி, இரவில் காடிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் விழுந்த சொட்டு எந்த இடத்தில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போர்மெனிடம் காட்டினால், எந்த சீல் கசிகிறது என்று தேட அவருக்கு அரை நாள் மிச்சம்.